கேட்காமல் எடுத்த தொப்புள்கொடி

நர்சக்காவின் கோபத்தை நான் முதன்முதலில் பார்த்தது குற்றாலத்து ஐந்தருவியில். ஆனி மாதம், நல்ல சாரல், சனிக்கிழமைக் கூட்டம். பெண்கள் குளிக்கிற பக்கத்துக்கு நேர் எதிரே, பழக்கடைகளுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். பார்த்தால் அருவியைப் படமெடுப்பவன் மாதிரிதான் தெரிந்தது. நான் கீழே மங்குஸ்தான் விலை கேட்டுக்கொண்டிருந்தேன். என் அம்மாவோடும் மனைவியோடும் குளிக்கப் போயிருந்த நர்சக்கா, ஈரச் சேலை காலைத் தடுக்கத் தடுக்க மேடேறி வந்து அவன் முன்னால் நின்றார்.

“என்னலே எடுக்க?”

“அருவியத்தான் மேடம்.”

“காட்டு.”

காட்டினான். அருவி ஓரத்தில் கொஞ்சம் இருந்தது. மிச்சமெல்லாம் பெண்கள்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் வந்து, “அழிச்சிருலே” என்று அவனை ஓர் அதட்டு அதட்டிவிட்டு, “விடுங்கக்கா, சீசன் நேரம்” என்றார். அவன் அழிக்கப் போனான். அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இரு. இது உன் படம் இல்ல. அவிய படம். அவியளே சொல்லட்டும்.”

படத்தில் இருந்த ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாரும் அழிக்கச் சொன்னார்கள். சங்கரன்கோவில் பக்கத்து மதினி ஒருத்தி மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, “நான் நல்லாத்தான இருக்கேன். என் போனுக்கு அனுப்பச் சொல்லுங்க” என்றாள். அனுப்ப வைத்த பிறகுதான் அதையும் அழிக்கவிட்டார். போலீஸ்காரர் தூறலில் நனைந்துகொண்டே அரை மணி நேரம் நின்றார். அவருக்கு அக்காமேல்தான் எரிச்சல்.

அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று கேட்டேன். “என்னப் பத்தி எழுது. பேரு வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்.

இலஞ்சியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்தார். பிறந்த ஊர் சிவகிரிப் பக்கம். நிலபுலன் உள்ள குடும்பம். கூடப் பிறந்த ஆண்கள் மூன்று பேரில் இருவர் போலீஸ், ஒருவர் பட்டாளம். அந்த வீட்டின் அதட்டல் குரல் அக்காவுக்கும் வந்திருந்தது. ஆனால் அந்தக் குரலை அவர் எடுத்தது அநேகமாக ஒரே ஒரு கேள்விக்குத்தான். கேட்டியா? கேட்டாவளா? கேட்டியளா?

என் மகள் அந்த ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள். பிரசவ அறைக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டபடி இருந்தது. “கை வைக்கட்டுமா தாயி?” கொஞ்ச நேரம் கழித்து, “இன்னொரு தடவ பாக்கணும், பாக்கட்டுமா?” டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, “பிள்ளையே வெளிய வந்துரும் போலிருக்கு, நீங்க இன்னும் பெர்மிஷன் கேட்டுக்கிட்டு இருக்கீங்களா சிஸ்டர்?” என்றார். “வலி அவளுக்கு இருக்கு. அவசரம்லா நமக்கு இருக்கு” என்று அக்கா பதில் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு என் மனைவி சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் உடம்பைத் தொடுவதற்கு முன்னால் அவளைக் கேட்ட முதல் ஆள் நர்சக்காதானாம்.

கேட்பவருக்கு, மறுப்பை வாங்கிக்கொள்ளவும் தெரிந்திருந்தது. ஒருமுறை மிளகாய் வற்றல் காயப்போட எங்கள் மொட்டைமாடியைக் கேட்டார். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்ததால் அம்மா தயங்கித் தயங்கி முடியாது என்றாள். “சரிம்மா” என்று போய்விட்டார். அம்மா ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டாள். அவரோ அன்று சாயங்காலமே, தேங்காய்ப்பால் சொதி வைத்திருக்கிறேன், கொண்டுவரட்டுமா என்று வாசலில் நின்றார்.

அந்த ஆஸ்பத்திரிக்கு நீலப் பெட்டிகள் வரத் தொடங்கியது என் மகள் பிறந்து ஒரு வருஷம் கழித்து. பிரசவம் முடிந்ததும் தொப்புள்கொடியில் ஒரு துண்டை வெட்டி, சுத்தமான டப்பாவில் போட்டு, ஐஸ் வைத்த நீலப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வேன் வந்து எடுத்துப் போகும். ஏதோ பரிசோதனைக்கு என்று நர்ஸுகளுக்குச் சொல்லியிருந்தார்கள். குழந்தையின் ரத்தப் பரிசோதனை மாதிரி ஒன்று என்று நம்பி, அக்காவும் தன் கையாலேயே வெட்டி வைத்துக்கொண்டிருந்தார். பல வாரம்.

ஒருநாள் வேன் டிரைவரிடம் ரிசல்ட் எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார். “ரிசல்ட்டா? இது மெட்ராஸ்ல கம்பெனிக்குப் போவுது சிஸ்டர். இதுல இருந்து ஸ்டெம் செல்லு எடுக்காவளாம். மூட்டு வலிக்கு, முதுகுத் தண்டுக்கெல்லாம் மருந்து ஆகுமாம்” என்று டிரைவர் சொன்னார்.

அக்கா நேராக நிர்வாக அறைக்குப் போனார். அங்கே நடந்த பேச்சை அவர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அவருக்கு மூச்சு வாங்கும்.

“அந்தப் பொம்பளையளக் கேட்டியளா சார்?”

“குப்பைக்குப் போற சாமான்தான சிஸ்டர். எதுக்குக் கேக்கணும்?”

“குப்பைன்னா வேன்ல ஐஸ் வச்சு எதுக்குக் கொண்டு போறாவ?”

“அட்மிஷன் ஃபாரத்துலயே இருக்கு. கையெழுத்துப் போட்டிருக்காங்க. போய் வேலையப் பாருங்க.”

ஃபாரத்தை எடுத்துப் பார்த்தார். நாலு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி: உடலிலிருந்து நீக்கப்படும் திசுக்களைக் கல்வி, ஆராய்ச்சி மற்றும் இதர பயன்பாட்டுக்கு ஆஸ்பத்திரி எடுத்துக்கொள்ளலாம். கீழே கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் பெரும்பாலும் புருஷன்மார்கள். மனைவி இடுப்பு வலியில் கத்திக்கொண்டிருக்கும்போது கவுன்டரில் நின்று, காட்டிய இடத்திலெல்லாம் போட்ட கையெழுத்து.

மறுநாளிலிருந்து அக்கா, வலி கூடுவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு பெண்ணிடமும் போய் உட்கார்ந்தார். “உன் கொடிய ஒரு கம்பெனி எடுத்துட்டுப் போவுது தாயி. மருந்து செய்யலாமான்னு பாக்காவ. செஞ்சா வித்து லாபம் பாப்பாவ. உனக்கு ஒண்ணும் வராது. குடுக்கியா, வேண்டாமா? எது சொன்னாலும் உன்னப் பாக்குததுல ஒரு குறையும் இருக்காது.” அதிகம் பேர், நாலு பேருக்கு நல்லதென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சிலர் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றவர்களுடையது பெட்டிக்குப் போகவில்லை.

இதற்கு ஆஸ்பத்திரி அவரை என்ன செய்தது தெரியுமா? பிரசவ வார்டிலிருந்து தூக்கி, ஊசி போடுகிற அறையில் உட்கார வைத்தது. அவருக்குப் பிறகு யாரும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. பெட்டி வழக்கம்போல் நிறைந்தது.

இனி என் பங்கு. இந்தப் பெட்டி விஷயம் எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. நான் அப்போது சென்னையில் ஒரு காப்புரிமை வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் அது இன்னதென்று விவரித்து விண்ணப்பம் எழுத வேண்டும். அரசாங்கம் ஏற்றுக்கொண்டால் இருபது வருஷத்துக்கு அவர் அனுமதியில்லாமல் வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ முடியாது. அந்த விண்ணப்பங்களை எழுதுவதுதான் என் தொழில். ஒருநாள் தொப்புள்கொடியிலிருந்து ஸ்டெம் செல்லை, அதாவது பலவகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்லை, பிரித்து வளர்க்கிற முறைக்கும், அப்படி வளர்ந்த செல்லுக்கும் உரிமை கேட்கிற கோப்பு என் மேசைக்கு வந்தது. கம்பெனி கொடுத்த ஆய்வக அட்டவணையில் மாதிரிகளுக்கு டிஎஸ்ஐ என்ற எழுத்துகளோடு எண் போட்டிருந்தார்கள். தென்காசி ரயில் நிலையத்துப் பலகையில் சின்ன வயதிலிருந்து பார்த்த எழுத்துகள். எனக்கு ஒரே பெருமை. விண்ணப்பம் அரசிதழில் வெளியாகிற வரை வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, வெளியான அன்றைக்கே அக்காவுக்கு போன் போட்டேன்.

“அக்கா, நம்ம ஊரு சாமான் உலகம் பூரா போகப் போவுது!”

விஷயத்தைக் கேட்டுவிட்டு, நீலப் பெட்டிகளின் கதையை அவர் அப்போதுதான் எனக்குச் சொன்னார்.

“அதுல எங்க பொம்பளையளப் பத்தி என்ன எழுதியிருக்கு?”

படித்தேன். கொடையாளர்களின் தகவலறிந்த ஒப்புதலுடன் இந்தியாவிலுள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து திசு பெறப்பட்டது.

“இத யாரு எழுதினா?”

“நான்தான்.”

“நீ யாரக் கேட்ட?”

நான் யாரையும் கேட்கவில்லை. அந்த வரி எங்கள் அலுவலகத்தில் எல்லாருடைய கணினியிலும் இருந்தது. பழைய விண்ணப்பம் ஒன்றிலிருந்து வெட்டி இதில் ஒட்டியிருந்தேன். ஊர்ப் பெயரைப் போடாமல் ‘ஒரு மருத்துவமனை’ என்று எழுதியதும் பழக்கத்தில்தான். இதைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காப்புரிமை கொடுப்பதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம் என்று சட்டம் சொல்கிறது. அதையும் நானே சொல்லித்தொலைத்தேன். மனு எழுத உதவுகிறாயா என்று அக்கா கேட்டார். “முடியாதுக்கா. கம்பெனி எங்க கிளையன்ட். வேலை போயிரும்.” “சரிப்பா. உன்னக் கேட்டேன், நீ முடியாதுன்னுட்ட. அவ்வளவுதான்” என்றார். குரலில் ஒரு வருத்தம்கூட இல்லை.

அவரே தமிழில் மனு எழுதி அனுப்பினார். திரும்பி வந்தது. காப்புரிமை அலுவலகத்துக்குப் போகிற தாள்கள் இந்தியிலோ இங்கிலீஷிலோதான் இருக்க வேண்டுமாம், விதி அப்படி. தென்காசியில் ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து எடுத்ததைப் பற்றி அந்த ஊர்க்காரி அவள் பாஷையில் எழுதினால் செல்லாது! விதியை எழுதியவர்களுக்கு அப்படி ஒருத்தி எழுதுவாள் என்று தோன்றவே இல்லை போலிருக்கிறது. அக்கா தென்காசிக் கோர்ட்டில் ஜூனியராக இருந்த செங்கோட்டைக்காரப் பெண் ஒருத்தியைப் பிடித்தார். அவள் இங்கிலீஷில் பெயர்த்துக் கொடுத்தாள்.

தங்களை யாரும் கேட்கவில்லை என்று அந்தப் பெண்களின் வாக்குமூலம் சாட்சிக்கு வேண்டியிருந்தது. அக்காவிடம் ஒரு பாக்கெட் டைரி உண்டு. தன் வார்டில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் தேதி, நேரம், எடை, தாயின் ஊர் எழுதி வைப்பார். அதை எடுத்துக்கொண்டு லீவு நாட்களில் பஸ் ஏறினார். அவரை பஸ் ஏற்றிவிட்டு, போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்த அவருடைய அண்ணன் எங்கள் வீட்டில் வந்து புலம்பினார். “ஏட்டி, ஒனக்கு எதுக்கு இந்தக் கேஸு கீஸுன்னு கேட்டா, நான் வெட்டினதுலா, நான்தான் கேக்கணும்னு சொல்லுதா.”

போன வீடுகளில் அநேகமாக யாரும் கையெழுத்துப் போடவில்லை. மறுபடி அதே ஆஸ்பத்திரிக்குத்தானே போகணும் என்று பயந்தார்கள். ராயகிரியில் ஒரே ஒருத்தி போட்டாள். நெல் வயல் உள்ள வீடு, புருஷன் பட்டாளத்தில், வடக்கே எங்கோ. அவளுடைய முதல் குழந்தை பிறந்த மூன்றாம் நாள் மூச்சுத்திணறி இறந்துபோயிருந்தது. “அதுக்குன்னு ஒரு பேப்பர்கூட எங்கிட்ட இல்ல சிஸ்டர். இதுலயாவது இருக்கட்டும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாளாம்.

விசாரணை காணொலியில் நடந்தது. நான் எங்கள் சீனியருக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். திரையில் தென்காசி வக்கீல் பெண்ணின் அறை, பக்கத்தில் அக்கா. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை, மடியில் டைரி. வக்கீல் பெண் இங்கிலீஷில் சட்டம் பேசி முடித்ததும், தான் இரண்டு வார்த்தை பேசலாமா என்று அக்கா கேட்டார். அதிகாரிக்குத் தமிழ் தெரியும். பேசுங்கள் என்றார்.

“ஐயா, எங்க குத்தால மலையில ஒரு இலையப் பறிச்சு, அதுல மருந்து கண்டுபிடிச்சேன்னு இங்க வந்தா, அதுக்குன்னு ஒரு ஆணையம் இருக்காம், அங்க போய் அனுமதி வாங்கிட்டு வான்னு சொல்லுவியளாம். இந்தப் பிள்ள சொன்னா. நல்லதுதான். இலைக்கு ஒரு நாதி இருக்கு. அதே மலைக்குக் கீழ ஒரு பொம்பள வயித்துல இருந்து எடுத்தா கேக்க ஆளில்லையா?”

எங்கள் சீனியர் அமைதியாகப் பதில் சொன்னார். இலை, செடிகளுக்கான அந்தப் பல்லுயிர்ச் சட்டம் மனிதத் திசுவுக்குப் பொருந்தாது. ஒப்புதல் வாங்கினார்களா இல்லையா என்பது, எதிர்ப்பு மனுவுக்குச் சட்டம் அனுமதிக்கிற காரணங்களில் இல்லை. அவர் சொன்னது அவ்வளவும் சட்டப்படி உண்மை. ஒழுக்கத்துக்கு விரோதமான கண்டுபிடிப்புக்கு உரிமை கிடையாது என்று காப்புரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. வக்கீல் பெண் அதைச் சொன்னாள். கேட்காமல் எடுத்தது ஒழுக்கக்கேடாக இருக்கலாம், ஆனால் செல் ஒழுக்கக்கேடானது அல்லவே என்று சீனியர் அதையும் பிரித்துக் காட்டினார்.

“அப்போ ஒண்ணே ஒண்ணு” என்றார் அக்கா. “ஒப்புதல் வாங்கினதா இதுல ஒரு வரி எழுதியிருக்கு. அத எழுதினவரு அந்தப் பொம்பளையள்ல ஒருத்தியயாவது பாத்தாரா?”

திரையில் என் முகமும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அவர் நேராக என்னைப் பார்த்தார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லலாமா என்று என்னிடம் கேட்டிருக்கவில்லை, அதனால் சொல்லவில்லை. நான் எழுந்து நின்று ‘நான்தான், நான் பார்க்கவில்லை’ என்று சொல்லியிருக்க வேண்டும். சட்டையில் இருந்த பேனாவைக் கழற்றி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தீர்ப்பு சில மாதம் கழித்து வந்தது. செல்லின்மேல் உரிமை மறுக்கப்பட்டது. அது மனித உடலின் பகுதி, இயற்கையில் இருப்பது என்று சொல்லிவிட்டார்கள். அதை வளர்க்கிற முறைக்கு உரிமை கொடுக்கப்பட்டது. திசு எந்த ஊரிலிருந்து வந்தது என்பதைச் சட்டப்படி மறைக்கக்கூடாது என்பதால், தென்காசி என்று திருத்தி எழுத உத்தரவு. ஒப்புதலைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை.

“ஊரு வந்துட்டு. பொம்பளையள் வரல” என்றார் அக்கா.

அந்தத் தடவை நான் ஊருக்குப் போயிருந்தபோது, வெளியான விண்ணப்பத்தின் நகலை அவர் டைரிக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். அட்டவணையில் ஒவ்வொரு மாதிரிக்கும் எடுத்த தேதி இருந்தது. நான் வாசிக்க வாசிக்க அவர் டைரியில் விரலை ஓட்டினார். மூன்றாவது மாதிரியில் விரல் நின்றது.

“இந்தத் தேதியில ஒரே ஒரு பிரசவம்தான் தம்பி. ராயகிரிக்காரி.”

எல்லா மாதிரிகளிலும் நன்றாக வளர்ந்தது மூன்றாவதுதான். அதற்கப்புறம் நடந்த சோதனை அத்தனையும் அதை வைத்துத்தான். ‘வியப்பூட்டும் வளர்ச்சி’ என்று நானே எழுதியிருந்தேன். மூன்று நாள் மட்டுமே இருந்த பிள்ளையினுடையது.

மறுநாள் இருவரும் ராயகிரிக்குப் போனோம். அந்தப் பெண் களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்தாள். அக்கா அவளை நிழலில் உட்கார வைத்தார்.

“ஒரு விசயம் தெரிய வந்திருக்கு. கேட்டா மனசு கஷ்டப்படும். சொல்லட்டுமா, வேண்டாமா? வேண்டாம்னா இப்படியே போயிருதோம்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “சொல்லுங்க சிஸ்டர்.”

அக்கா முதலில் தன்னைப் பற்றிச் சொன்னார். “உன் பிள்ளையோட கொடிய வெட்டி அந்தப் பெட்டியில வச்சது நான்தான். உன்னக் கேக்காம வச்சேன். பரிசோதனைன்னு நெனச்சேன். ஆனாலும் கேட்டிருக்கணும்.” பிறகு மிச்சத்தைச் சொன்னார். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“அப்போ அது இன்னும் உசுரோட இருக்கா?”

“பிள்ளை இல்லம்மா. செல்லு…” என்று ஆரம்பித்தேன்.

“அது தெரியும். நான் பன்னெண்டு படிச்சிருக்கேன். அது உசுரோட இருக்கா?”

“இருக்கு. வளருது.”

“பாக்கலாமா?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கலாம் என்றோ கூடாது என்றோ எந்தச் சட்டத்திலும் நான் படித்ததில்லை. அப்படி ஒருத்தி கேட்பாள் என்று நினைத்து எழுதி வைத்திருந்தால்தானே.

“கேட்டிருந்தா குடுத்திருப்பேன் சிஸ்டர்” என்றாள் அவள். “சத்தியமா குடுத்திருப்பேன்.”

ஒரு மாதம் கழித்து இருவரும் பொதிகை ரயிலில் சென்னைக்கு வந்தார்கள். கம்பெனி வாசலுக்கு நான்தான் கூட்டிப்போனேன். கூட்டிப்போய்விட்டு, எதிரே இருந்த டீக்கடையில் ஒதுங்கிக்கொண்டேன். அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். காவலாளி ஒரு நோட்டை நீட்டினார். பெயர், ஊர், யாரைப் பார்க்க, என்ன காரியம். அக்கா எல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. வெயில் சாய்கிற வரை காம்பவுண்டு ஓரமாக நின்றார்கள். காவலாளி பாவம், தன்னுடைய ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். கடைசியில் ஒரு பெண் அதிகாரி வந்து, முகவரி கொடுத்துவிட்டுப் போங்கள், எழுத்தில் பதில் தருகிறோம் என்றார்.

பதில் வந்தது. இங்கிலீஷில் ஒரு பக்கம், இலஞ்சி முகவரிக்கு. அக்கா போனில் படமெடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, “தமிழ்ல சொல்லு” என்றார். சொன்னேன். தங்கள் உணர்வுகளுக்கு மதிப்பளித்து, குறிப்பிட்ட மாதிரியும் அதிலிருந்து வளர்க்கப்பட்ட செல்களும் உரிய முறையில் அழிக்கப்பட்டுவிட்டன. இத்துடன் இந்த விஷயம் முடிவடைந்ததாகக் கருதுகிறோம்.

அக்கா கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். சவத்து மூதிகள் என்று ஆரம்பித்தவர், பாதியிலேயே போனை வைத்துவிட்டார். அந்தப் பெண் அழிக்கச் சொல்லவே இல்லை. வழக்குப் போடுவேன் என்று மிரட்டவில்லை, பணம் கேட்கவில்லை. ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டாள். தொல்லை விட்டால் போதும் என்று அவர்கள் கையைக் கழுவிக்கொண்டு, அதற்கு மதிப்பு என்று பெயரும் வைத்துவிட்டார்கள். முறைக்கான உரிமை பத்திரமாக அவர்களிடமே இருந்தது.

போனில் சொல்கிற விஷயம் இல்லை என்று அக்கா நேரில் போனார். நானும் லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டேன். அந்தப் பெண் அப்போது நாலு மாதம் கர்ப்பமாக இருந்தாள். கடிதத்தைக் கையில் வாங்கி, புரிகிற மாதிரியே வரி வரியாகப் பார்த்தாள். அழவில்லை.

“என்னைக்கு அழிச்சாவளாம்?”

நான் மறுபடி கடிதத்தைப் பார்த்தேன். “தேதி போடல.”

“மூணு நாள் பிள்ளைக்குத் திதி கிடையாதுன்னு வீட்டுல சொல்லிட்டாவ. விளக்குகூட ஏத்தவிடல. இதுக்காவது ஒரு தேதி இருந்தா நல்லாருக்கும்.” கொஞ்சம் நிறுத்தி, “கேட்டு எழுதுதியளா?” என்றாள்.

அங்கேயே, அவள் வீட்டு நடையில் உட்கார்ந்து எழுதினேன். என்ன எழுத வேண்டும் என்று ஒவ்வொரு வரிக்கும் அவளைக் கேட்டேன். கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே, விண்ணப்பத்தில் ஒப்புதல் பற்றிய வரியை யாரையும் விசாரிக்காமல் எழுதியவன் என்று குறிப்பிட்டு, என் பெயரையும் முகவரியையும் எழுதி நானும் போட்டேன். அக்கா அதைப் படித்தார். மடித்து உறையில் போட்டு ஒட்டினார். அடுத்த வாரம் சென்னையில் எனக்கு வேலை இல்லை.

பதிவுத் தபாலில் போன கடிதத்துக்கு ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அதில் கம்பெனியின் முத்திரையும் அவர்கள் வாங்கிக்கொண்ட தேதியும் தெளிவாக இருந்தன. நாங்கள் கேட்ட தேதி வரவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை எழுதட்டுமா என்று கேட்க அக்கா ராயகிரிக்குப் பஸ் ஏறினார். எழுதுங்க என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஐந்தாவது கடிதத்தை நாங்கள் போன வாரம் அனுப்பினோம்.